கனடாவில் படிப்பை முடித்தவர் குடும்பத்தை வரவழைக்க: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

கனடாவில் படிப்பை முடித்து, பி.ஜி.டபிள்யூ.பி எனப்படும் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரில் இருக்கும் கணவரையோ மனைவியையோ, எந்த முதலாளியிடமும் வேலை செய்ய விடும் ஓப்பன் ஒர்க் பர்மிட்டிலும், பிள்ளையை ஸ்டடி பர்மிட்டிலும் வரவழைக்கும் வழி இது. என் மனைவிக்கும் மகளுக்கும் நானே போட்டேன். பிறகு நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று பத்துப் பதினைந்து ஃபைல்களாவது பார்த்திருப்பேன். எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான்.

விண்ணப்பம் ஊரில் இருப்பவர் பெயரில் போகிறது. ஆனால் அதிகாரி முதலில் எடைபோடுவது கனடாவில் இருப்பவரின் வேலையை. ஊரில் ஆல்பம், சொத்து மதிப்பீடு, ஆடிட்டர் கையெழுத்து என்று ஓடியாடிச் சேர்ப்பார்கள். இங்கே கம்பெனியில் ஒழுங்காக ஒரு கடிதம் வாங்கியிருக்க மாட்டார்கள். அதனால் முதல் மூன்று படிகளும் இங்கே இருப்பவருக்கானவை.

1. பர்மிட் முடியும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

2025 ஜனவரி 21 முதல் விதி மாறிவிட்டது. துணைவரின் விண்ணப்பம் போய்ச் சேரும் நாளில், உங்கள் வேலை அனுமதியில் குறைந்தது 16 மாதம் மிச்சம் இருக்க வேண்டும். முடிவு வரும் நாளில் எவ்வளவு மிச்சம் என்பது கணக்கல்ல. விண்ணப்பிக்கும் நாள்தான் கணக்கு.

மூன்று வருட பர்மிட் கையில் இருக்கிறது, நிறைய நேரம் இருக்கிறது என்று தோன்றும். உங்களுடையது 2028 ஜூன் 30-ல் முடிகிறது என்று வையுங்கள். 2027 பிப்ரவரி 28-ஐத் தாண்டினால் கதவு மூடிவிடும். அதாவது 36 மாதத்தில் உங்களுக்குக் கிடைப்பது முதல் 20 மாதம்தான். அதற்குள் தகுதியான வேலை, கல்யாணம், பதிவு, பாஸ்போர்ட், மெடிக்கல் எல்லாம் முடிய வேண்டும். கடைசித் தேதிக்கு இரண்டு மாதம் முன்பாக ஒரு தேதியை உங்கள் கடைசித் தேதியாகக் காலண்டரில் குறித்துவிடுங்கள். எந்தக் காகிதமாவது கட்டாயம் தாமதமாகும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் முதல் ஒரு வருடம் கிடைத்த வேலையைச் செய்தார். பிறகு நல்ல வேலை கிடைத்தது. ஆனியில் பெண் பார்த்தார்கள், ஆடி வந்துவிட்டது, ஆவணியில் மண்டபம் கிடைக்கவில்லை, தை பிறக்கட்டும் என்றார்கள். அவர் விண்ணப்பம் போட்டபோது பர்மிட்டில் 15 மாதமும் சில வாரங்களும்தான் மிச்சம். மற்ற காகிதங்கள் எல்லாம் பிரமாதமாக இருந்தன.

ஒரு வருட டிப்ளமோ படித்து ஒரு வருட பி.ஜி.டபிள்யூ.பி வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு முதல் நாளிலேயே உதைக்கும். 12 மாதத்தில் 16 மாதம் மிச்சம் எப்படி வரும்? அவர்கள் இந்த வழியில் நேரத்தைச் செலவிடாமல் நிரந்தர வதிவிட வழியைப் பார்ப்பது நல்லது. முதுகலைப் பட்டம் என்றால் நிலைமை வேறு. 2024 பிப்ரவரி 15 முதல், இரண்டு வருடத்துக்குக் குறைந்த முதுகலைப் படிப்புக்கும் மூன்று வருட அனுமதி கிடைக்கிறது.

படிப்பு இப்போதுதான் முடிகிறது என்றால் இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் பாஸ்போர்ட் எப்போது காலாவதியாகிறதோ, பி.ஜி.டபிள்யூ.பி-யும் அதோடு நின்றுவிடும். முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு, பிறகு பி.ஜி.டபிள்யூ.பி போடுங்கள். பின்னால் நீட்டிக்க வழி இருக்கிறது. ஆனால் அதற்கும் ஒரு விண்ணப்பம், ஒரு காத்திருப்பு. 16 மாதக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது அது தேவையில்லாத தலைவலி.

2. உங்கள் வேலை எந்தத் தட்டில் இருக்கிறது என்று பாருங்கள்

கனடாவில் ஒவ்வொரு வேலைக்கும் என்.ஓ.சி என்ற ஐந்து இலக்க எண் உண்டு. நம்ம ஊர் தடையில்லாச் சான்றை நினைத்துக்கொள்ள வேண்டாம், இது வேலைகளின் வகைப்பாடு. அந்த எண்ணின் இரண்டாவது இலக்கம்தான் டீர் எனப்படும் தட்டு. மென்பொருள் டெவலப்பர் 21232, ஆகவே டீர் 1. சில்லறைக் கடை விற்பனையாளர் 64100, ஆகவே டீர் 4.

டீர் 0, டீர் 1 என்றால் துணைவருக்குத் தகுதி உண்டு. டீர் 2, 3 என்றால் எல்லா வேலைக்கும் கிடையாது. இயற்கை மற்றும் பயன்பாட்டு அறிவியல், கட்டுமானம், மருத்துவம், இயற்கை வளம், கல்வி, விளையாட்டு, ராணுவம் ஆகிய துறைகளில் பட்டியலிட்ட வேலைகளுக்கு மட்டும்தான். பட்டியல் ஐ.ஆர்.சி.சி-யின், அதாவது கனடா குடிவரவுத் துறையின், தளத்தில் இருக்கிறது. உங்கள் ஐந்து இலக்க எண் அதில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். டீர் 4, 5 என்றால் இந்த வழி இல்லை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உணவக மேற்பார்வையாளர் 62020, சில்லறை விற்பனை மேற்பார்வையாளர் 62010. இரண்டும் டீர் 2. நிரந்தர வதிவிடத்துக்கு இந்த அனுபவம் உதவும் என்று சீனியர்கள் சொல்லியிருப்பார்கள், அது உண்மைதான். ஆனால் துணைவர் பர்மிட் பட்டியலில் உள்ள துறைகளுக்குள் இவை வராது. சமையல்காரருக்கும் இதே கதை, 63200 டீர் 3.

2023, 2024-ல் விதி தாராளமாக இருந்தது. கடை வேலையில் இருந்தவர்களின் துணைவருக்குக்கூடக் கிடைத்தது. அந்தக் காலத்தில் குடும்பத்தை அழைத்துக்கொண்டவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்லும் யோசனைகளையும், அப்போது எடுத்த வீடியோக்களையும் நம்பி இப்போது போட்டால், கட்டணமாகக் கட்டும் 255 டாலர் போச்சு.

பதவியின் பெயர் பெரிதாக இருந்தால் போதாது. விசிட்டிங் கார்டில் ‘மேனேஜர்’ என்று போட்டுவிட்டு நாள் முழுக்கக் கல்லாவில் நிற்பவரை டீர் 0 என்று அதிகாரி எடுத்துக்கொள்ள மாட்டார். என்.ஓ.சி பக்கத்தில் அந்த எண்ணின் கீழ் முக்கியக் கடமைகள் என்று இருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றை நீங்கள் உண்மையில் செய்கிறீர்களா என்பதுதான் கேள்வி.

3. கம்பெனிக் கடிதத்தை முதலில் வாங்குங்கள்

எச்.ஆர் வழக்கமாகக் கொடுப்பது இரண்டு வரிக் கடிதம்: இன்னார் இன்ன தேதி முதல் இங்கே வேலை செய்கிறார். வங்கிக் கடனுக்கு அது போதும். இதற்குப் போதாது.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: கம்பெனி லெட்டர்ஹெட், பதவிப் பெயர், சேர்ந்த தேதி, நிரந்தரமா ஒப்பந்தமா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், அன்றாடக் கடமைகள், கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, தொடர்பு எண். இதில் கடமைகள்தான் உயிர். அதை வைத்துத்தான் உங்கள் எண் சரியா என்று அதிகாரி பார்க்கிறார்.

என்.ஓ.சி பக்கத்தில் உள்ள வரிகளை அப்படியே வெட்டி ஒட்டிக் கொடுக்காதீர்கள். “மென்பொருள் எழுதுதல், மாற்றியமைத்தல், ஒருங்கிணைத்தல், சோதித்தல்” என்று நூறு கடிதம் ஒரே மாதிரி வந்தால் படிப்பவருக்குத் தெரியாதா? “கிடங்கின் சரக்கு இருப்பைக் கணக்கிடும் செயலியின் பின்னணி நிரலை எழுதிப் பராமரிக்கிறார், வாரந்தோறும் வரும் பிழைகளைத் திருத்துகிறார்” என்று உங்கள் மேஜையில் நடப்பதை எழுதினால் அது உங்கள் கடிதம். எச்.ஆருக்கு எழுத நேரம் இருக்காது. ஒரு வரைவை நீங்களே எழுதி, உங்கள் மேனேஜர் பார்த்துச் சரி சொன்ன பிறகு அனுப்புங்கள். பெரிய நிறுவனங்களில் இதற்கே மூன்று வாரம் ஆகும்.

கூடவே வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று சம்பளச் சீட்டுகள், வரி கட்டியிருந்தால் ஆண்டுச் சம்பளத்தைக் காட்டிக் கம்பெனி தரும் டி4 படிவமும் வருமான வரித் துறையின் மதிப்பீட்டு அறிவிப்பும், உங்கள் பி.ஜி.டபிள்யூ.பி நகல், பாஸ்போர்ட் பக்கங்கள், பட்டச் சான்று. சீட்டில் உள்ள மணி நேரமும் கடிதத்தில் உள்ள மணி நேரமும் ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை கூட்டிப் பாருங்கள். கடிதம் 40 மணி என்றும் சீட்டு 24 மணி என்றும் சொன்னால் கேள்வி வரும்.

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே போடலாமா என்று கேட்பார்கள். 16 மாதக் கணக்கு நெருக்கவில்லை என்றால் மூன்று சீட்டு சேரும்வரை பொறுங்கள். நெருக்கினால் பொறுக்காதீர்கள், இருப்பதை வைத்துப் போடுங்கள்.

4. பெயர்களை ஒத்துப்பாருங்கள்

தமிழர்களுக்கென்றே வரும் தொல்லை இது. நமக்கு இன்ஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், ஐ.ஆர்.சி.சி படிவத்தில் முழுப் பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டு, முதற்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். படிவத்தின் விளக்கக் குறிப்பிலேயே இது இருக்கிறது. அப்பா பெயரை நாமாகக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் நுழைத்தால், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், பர்மிட்டில் வேறு பெயர் என்று ஆகிவிடும்.

அடுத்து, திருமணச் சான்றில் ‘எஸ். கவிதா’, பாஸ்போர்ட்டில் ‘கவிதா சுப்பிரமணியன்’, பள்ளிச் சான்றில் வேறு எழுத்துக்கூட்டல் என்று இருக்கும். இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் துணைவர் பெயர் ஏறியிருக்க வேண்டும் என்று ஊரில் சில ஏஜென்ட்கள் பயமுறுத்துவார்கள். விண்ணப்பத்துக்கு அது தேவையில்லை, திருமணச் சான்று போதும். அதற்காகப் பாஸ்போர்ட்டை மறுபடி கொடுத்துக் காத்திருக்காதீர்கள்.

5. திருமணமும் அதற்கான ஆதாரமும்

கோயிலிலோ மண்டபத்திலோ நடந்தால் மட்டும் போதாது, பதிவுச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத் திருமணமும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். கல்யாணத்துக்கு என்று மூன்று வார லீவில் வருபவர்கள் இதைத் தள்ளிப்போட்டுவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். பதிவுக்கு இருவரும் நேரில் வர வேண்டும். ஆகவே மறுவீடு, விருந்து எல்லாம் பிறகு. முதல் வேலை நாளில் அழைப்பிதழ், போட்டோ, அடையாள அட்டைகள், சாட்சிகளோடு சார்பதிவாளரிடம் போங்கள். இலங்கையில் என்றால் பதிவாளர் தந்த திருமணச் சான்றிதழின் பிரதி.

வீடியோ காலில் தாலி கட்டுவது, மாப்பிள்ளைக்குப் பதில் இன்னொருவர் நிற்பது எல்லாம் செல்லாது. இருவரும் ஒரே இடத்தில் நேரில் இருந்திருக்க வேண்டும்.

சிலர் தேதி நெருக்கடியால் பதிவுத் திருமணத்தை முதலில் முடித்து, ஊர் கூடும் கல்யாணத்தைப் பிறகு வைக்கிறார்கள். தவறில்லை. ஆனால் ஏன் அப்படி என்று விளக்கக் கடிதத்தில் நான்கு வரி எழுதுங்கள். சாட்சிகளோடு ஒரு கையெழுத்து மட்டும் இருந்தால், பர்மிட்டுக்காக நடந்த கல்யாணமோ என்ற சந்தேகம் வருவது இயல்பு.

சான்றோடு வேறென்ன வைக்கலாம்? நிச்சயதார்த்தம் முதல் வரவேற்புவரை பத்துப் பன்னிரண்டு போட்டோக்கள் போதும். ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், நிற்பவர்கள் யார் என்று எழுதுங்கள். இருநூறு பக்க ஆல்பத்தை ஸ்கேன் செய்து ஏற்றுவதால் பயனில்லை. மண்டப ரசீது, அழைப்பிதழ், சேர்ந்து பயணம் செய்த டிக்கெட், மாதாமாதம் பணம் அனுப்பிய பதிவு, மாதத்துக்கு ஒரு பக்கம் என்று வாட்ஸ்அப் அழைப்புப் பட்டியல் போதும்.

தமிழில் உள்ள எதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழிப் பத்திரத்தோடு கொடுக்க வேண்டும். குடும்பத்தில் ஆங்கில ஆசிரியை இருந்தாலும் அவர் செய்யக் கூடாது. உறவினர் மொழிபெயர்ப்பை ஏற்க மாட்டார்கள்.

6. பிள்ளைக்கு எந்த அனுமதி?

பள்ளி வயது என்றால் ஸ்டடி பர்மிட். இரண்டு வயதுக் குழந்தை என்றால் ஸ்டடி பர்மிட் தேவையில்லை, விசிட்டர் விசா. இதைக் குழப்பிக்கொண்டு, பால்குடிக் குழந்தைக்குப் பள்ளிக்கூடக் கடிதம் தேடி அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்டாரியோவில் குழந்தைக்கு நான்கு வயது நிறையும் ஆண்டின் செப்டம்பரில் ஜூனியர் கிண்டர்கார்டன் தொடங்குகிறது. அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு, கல்லூரி மாணவர்களிடம் கேட்கும் மாகாண ஒப்புதல் கடிதம் தேவையில்லை. பெற்றோரின் வேலை அனுமதி ஏற்கப்பட்டு, கூடவே வரும் பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கைக் கடிதமும் கட்டாயமில்லை. அப்படியிருந்தும் நீங்கள் வசிக்கும் பகுதியின் பள்ளி வாரியத்துக்கு முன்கூட்டியே எழுதுங்கள். உங்கள் வேலை அனுமதியை வைத்துக் கட்டணமில்லாமல் சேர்ப்பார்களா, என்ன காகிதம் வேண்டும் என்று கேட்டு, வரும் பதிலை ஃபைலில் வைத்தால் பிள்ளை எங்கே படிக்கப் போகிறது என்பது அதிகாரிக்குத் தெளிவாகிவிடும்.

பிறப்புச் சான்றை இன்றே எடுத்துப் பாருங்கள். நம் ஊரில் பெயர் வைப்பதற்கு முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவார்கள். பெயர்க் கட்டம் காலியாகவே வருடக்கணக்கில் கிடக்கும். மாநகராட்சியிலோ பேரூராட்சியிலோ பெயரைச் சேர்த்து புதுப் பிரதி வாங்க வேண்டும். அதன் பிறகுதான் பாஸ்போர்ட். பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்கு இரண்டு பெற்றோரின் ஒப்புதலும் கேட்பார்கள். ஒருவர் வெளிநாட்டில் என்றால் அந்தக் காகிதம் கடல் தாண்டிப் போய்வர வேண்டும். எல்லாவற்றையும்விட இது தாமதமாகும் என்பதால், மற்ற காகிதங்கள் சேரும்முன்பே இதைத் தொடங்குங்கள்.

பிள்ளை ஒரு பெற்றோரோடு மட்டும் பறக்கப் போகிறது என்றால், கனடாவில் இருக்கும் மற்றவரின் சம்மதக் கடிதம் ஒன்று நோட்டரி கையெழுத்தோடு இருக்கட்டும். விண்ணப்பத்துக்கும் உதவும், விமான நிலையத்திலும் கேட்கக்கூடும்.

துணைவரே கல்லூரியில் சேர விரும்பினால் அது வேறு பாதை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட படிப்பு என்றால் தனி அனுமதி வேண்டாம். அதற்கு மேல் என்றால் அவருக்கே தனி ஸ்டடி பர்மிட் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டு ஃபைலைக் குழப்ப வேண்டாம். முதலில் ஒர்க் பர்மிட்டில் வந்து சேரட்டும்.

7. மெடிக்கலை முன்கூட்டியே முடியுங்கள்

இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்க வருபவருக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. விண்ணப்பித்த பிறகு அவர்கள் கேட்கும்வரை காத்திருக்கலாம், முன்பே செய்தும் போடலாம். இரண்டாவதைச் செய்யுங்கள், ஒரு சுற்றுக் கடிதப் போக்குவரத்து மிச்சம். குடும்ப டாக்டரிடம் எடுத்த ரிப்போர்ட் செல்லாது. ஐ.ஆர்.சி.சி அங்கீகரித்த டாக்டர்களின் பட்டியலில் சென்னை டாக்டர்களும் உண்டு.

சிறுநீர்ச் சோதனை 5 வயது முதல், மார்பு எக்ஸ்ரே 11 வயது முதல், இரத்தச் சோதனை 15 வயது முதல். மனைவி கர்ப்பமாக இருந்தால் எக்ஸ்ரேயைத் தள்ளிவைக்கலாம், டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு போல எதுவும் தெரிந்தால் சளிச் சோதனை கேட்பார்கள், கிருமியை வளர்த்துப் பார்க்கும் அந்த கல்ச்சர் முடிவு வரவே எட்டு வாரம்போல ஆகும். முடிவு 12 மாதம் செல்லும் என்பதால் ரொம்ப முன்னாலும் போக வேண்டாம். டாக்டர் தரும் ஒரு பக்கத் தாளைத்தான் விண்ணப்பத்தில் ஏற்ற வேண்டும். அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

மெடிக்கல் இல்லாமல் எப்படியாவது பர்மிட் வந்துவிட்டாலும், குழந்தைகள் காப்பகம், பள்ளி, மருத்துவமனை ஆகிய இடங்களில் வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடு வரும். மனைவி நர்ஸ் என்றால் அந்த ஒரு வரியால் வந்ததே வீணாகிவிடும்.

8. பணத்துக்கு என்ன காட்டுவது?

துணைவர் ஒர்க் பர்மிட்டுக்கு இவ்வளவு தொகை இருக்க வேண்டும் என்று ஒரு எண் இல்லை. உங்கள் சம்பளத்தில் குடும்பம் ஓடும் என்று தெரிந்தால் போதும். ஆறு மாத வங்கி அறிக்கை, சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் இருக்கட்டும்.

விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மாமாவிடம் கைமாற்றாக எட்டு லட்சம் வாங்கிக் கணக்கில் போட்டு, அறிக்கை எடுத்தவுடன் திருப்பிக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத பெரிய தொகை சந்தேகத்தைத்தான் கிளப்பும். தாத்தா நிலத்துக்கும் நகைக்கும் பத்தாயிரம் ரூபாய் கொடுத்து மதிப்பீட்டு அறிக்கை எடுப்பதைவிட, மூன்று சம்பளச் சீட்டு கனமானது.

9. படிவங்களை நிரப்புவது

எல்லாம் ஆன்லைன். குடும்பத்தை ஒரே தொகுப்பாகப் போடுங்கள்: துணைவருக்கு ஒர்க் பர்மிட் விண்ணப்பம், பிள்ளைக்கு ஸ்டடி பர்மிட் அல்லது விசிட்டர் விசா. தனித்தனியாகப் போட்டால் அம்மாவின் ஃபைல் ஒரு மேஜையிலும் பிள்ளையின் ஃபைல் இன்னொரு மேஜையிலும் கிடக்கும். தாய்க்கு வந்து பிள்ளைக்கு வராமல் இரண்டு மாதம் தவித்த வீடு ஒன்று எனக்குத் தெரியும்.

வேலை அனுமதிப் படிவத்தின் எண் ஐ.எம்.எம் 1295. அனுமதி வகை ‘ஓப்பன்’. முதலாளி விவரம் கிடையாது. உங்கள் கம்பெனிப் பெயரை அங்கே எழுதிவிடாதீர்கள், அது துணைவரின் முதலாளிக்கான இடம். எந்தத் தேதிவரை வேண்டும் என்ற கட்டத்தில் உங்கள் பர்மிட் முடியும் தேதியைப் போடுங்கள். அதைத் தாண்டித் தர மாட்டார்கள்.

வேலை வரலாற்றில் இடைவெளி விடாதீர்கள். வீட்டில் இருந்த காலத்தை ‘இல்லத்தரசி’ என்றே எழுதலாம். டி.என்.பி.எஸ்.சி-க்குப் படித்த இரண்டு வருடத்தை அப்படியே எழுதுங்கள். வெற்றிடம்தான் கேள்வியைக் கிளப்பும்.

எந்த நாடாவது எப்போதாவது விசா மறுத்ததா என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். பத்து வருடத்துக்கு முன் அமெரிக்கா மறுத்ததும் இதில் சேரும். மறைத்தால் தவறான தகவல் என்று ஐந்து வருடம் உள்ளே வர முடியாது. கல்யாணமான பிறகும் உங்கள் சொந்த விண்ணப்பங்கள் எதிலாவது ‘திருமணமாகாதவர்’ என்று போட்டிருந்தால், இந்த விண்ணப்பத்துக்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். இரண்டு ஃபைலையும் ஒரே துறைதான் பார்க்கிறது.

ஏஜென்ட் வைத்தால், அவர் உரிமம் பெற்ற ஆலோசகரா என்று குடிவரவு ஆலோசகர்களுக்கு உரிமம் தரும் கனடாவின் ஆலோசகர் கல்லூரியின் (பெயர்தான் கல்லூரி) பொதுப் பதிவேட்டில் தேடுங்கள். ‘பெயர் தெரிய வேண்டாம், நீங்களே போட்ட மாதிரி போட்டுவிடுகிறேன்’ என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக விளக்கக் கடிதம். இரண்டு பக்கம் தாண்ட வேண்டாம். ஊரில் இருக்கும் விண்ணப்பதாரர் சொல்வதாக நான் எழுதும் வரிசை: நான் யார், என் துணைவரின் பர்மிட் எண்ணும் முடியும் தேதியும், அவர் வேலை, அதன் ஐந்து இலக்க எண், எத்தனை மாதம் மிச்சம், எங்கள் திருமணம், பிள்ளை, இணைத்துள்ள காகிதங்கள். மிச்ச மாதத்தை நீங்களே எண்ணி எழுதிவிடுங்கள். அதிகாரி விரல்விட்டு எண்ண வேண்டியதில்லை.

10. கட்டணம், கைரேகை, காத்திருப்பு

ஒர்க் பர்மிட் 155 டாலர், ஓப்பன் பர்மிட்டுக்கான கட்டணம் 100, ஆக 255. பிள்ளையின் ஸ்டடி பர்மிட் 150, விசிட்டர் விசா என்றால் 100. பயோமெட்ரிக்ஸ், அதாவது கைரேகையும் போட்டோவும், ஒருவருக்கு 85, குடும்பமாகப் போட்டால் அதிகபட்சம் 170. 14 வயதுக்குக் கீழ் பயோமெட்ரிக்ஸ் இல்லை. மனைவியும் ஏழு வயது மகளும் என்றால் 490 கனடிய டாலர். ஓப்பன் பர்மிட்டுக்கான அந்த 100 டாலரைக் கட்ட மறந்து 155-உடன் அனுப்பினால் விண்ணப்பம் முழுமையில்லை என்று திரும்பும். 16 மாதக் கோட்டின் ஓரத்தில் இருப்பவருக்கு அது பேரிடி. பணம் கட்டும் நாளில் தளத்தில் உள்ள தொகையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கட்டியதும் கைரேகைக் கடிதம் வரும், 30 நாளுக்குள் போக வேண்டும். சென்னையிலும் கொழும்பிலும் உள்ள வி.எஃப்.எஸ் எனப்படும் விசா விண்ணப்ப மையத்தில் முன்பதிவு செய்யுங்கள். அச்செடுத்த கடிதமும் பாஸ்போர்ட்டும் இல்லாமல் போனால் திருப்பி அனுப்புவார்கள். மதுரையிலிருந்தோ நெல்லையிலிருந்தோ ராத்திரி பஸ்ஸில் வருபவர்கள் இதைக் கிளம்பும்முன் பையில் பாருங்கள்.

காத்திருக்கும்போது நீங்கள் வேலை மாறினால் ஐ.ஆர்.சி.சி தளத்தில் உள்ள வெப்ஃபாரம் என்ற தொடர்புப் படிவம் வழியே சொல்லுங்கள், புதுக் கடிதத்தையும் சேருங்கள். முடிவு வரும்வரை விமான டிக்கெட் எடுக்க வேண்டாம். ‘பர்மிட் எப்போ வரும்’ என்று வாரம் ஒரு வெப்ஃபாரம் அனுப்புவதில் பயனில்லை.

11. மறுத்துவிட்டால்

அன்று ராத்திரியே அதே காகிதங்களோடு மறுபடி போடத் தோன்றும். வேண்டாம். மறுப்புக் கடிதத்தில் இருப்பது பொதுவான இரண்டு வரிதான். உள்ளே அதிகாரி எழுதிய குறிப்பைத் தகவல் அறியும் விண்ணப்பம் மூலம் 5 டாலருக்கு வாங்கலாம். கனடாவில் இருக்கும் நீங்கள் துணைவரின் சம்மதக் கையெழுத்தோடு கேட்கலாம். அதைப் படித்தால்தான் கடிதத்தில் கடமைகள் போதவில்லையா, திருமணத்தில் சந்தேகமா என்று தெரியும். 16 மாதக் கோடு நெருங்கிவிட்டால் மட்டும், குறிப்புக்குக் காத்திராமல் கடிதத்தைப் பலப்படுத்தி உடனே போடுங்கள்.

12. தரையிறங்கும் நாள்

ஒப்புதல் வந்ததும் பாஸ்போர்ட்டை வி.எஃப்.எஸ்-இல் கொடுத்து விசா ஒட்டி வாங்க வேண்டும். ஒப்புதலோடு வரும் அறிமுகக் கடிதம் பர்மிட் அல்ல. பர்மிட்டை கனடா விமான நிலையத்தில் எல்லை அதிகாரிதான் அச்சிட்டுத் தருவார். அந்தக் கடிதம், உங்கள் பர்மிட் நகல், சமீபத்திய சம்பளச் சீட்டு, திருமணச் சான்று, பிள்ளையின் தடுப்பூசி அட்டை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். என் மனைவி எல்லாவற்றையும் ஊறுகாய் பாட்டிலோடு பெரிய பெட்டிக்குள் வைத்துவிட்டார். பெட்டி கிடைப்பதோ குடிவரவுக் கவுண்டரைத் தாண்டிய பிறகு.

தாளை வாங்கியதும் கவுண்டரை விட்டு நகராமல் நான்கைப் படியுங்கள்: பெயர் எழுத்துக்கள், பிறந்த தேதி, முடியும் தேதி, நிபந்தனைகள். மெடிக்கல் முடித்தும் ‘மருத்துவத் துறையில் வேலை கூடாது’ என்று அச்சாகியிருந்தால் அங்கேயே சொல்லுங்கள். ஒரு நிமிடத்தில் மாற்றித் தருவார்கள். வீட்டுக்குப் போன பிறகு திருத்துவது மாதக்கணக்கு.

விசிட்டர் விசாவில் வரும் சின்னக் குழந்தையை மறந்துவிடாதீர்கள். முத்திரை மட்டும் குத்தினால் ஆறு மாதம்தான். பெற்றோரின் பர்மிட் முடியும் தேதிவரை தங்கலாம் என்று காட்டும் விசிட்டர் ரெக்கார்டு என்ற தாள் வேண்டும் என்று அந்தக் கவுண்டரிலேயே கேளுங்கள். தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, பதினெட்டு மணி நேரப் பயணக் களைப்பில் கேட்கத் தோன்றாது. அறிமுகக் கடிதத்தின் மேல் பென்சிலால் ‘குழந்தைக்கு ரெக்கார்டு’ என்று எழுதி வைத்துக் கொடுத்தனுப்புங்கள்.